ஒரு நாளும் மூடப்படாத பள்ளி

பலகையின் கடைசி சுவிட்சுக்கு மேலே பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பள்ளி விட்டு, துடைப்பத்தின் சத்தமும் ஓய்ந்து, தாழ்வாரங்களில் ஈரச் சிமெண்டின் வாடை மட்டும் மிஞ்சியிருந்த மாலை வேளை. எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து தலைதூக்கி அதைப் பார்த்த துணைத் தலைமையாசிரியை, இன்னும் ஒரு வேலை என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டு மறுபடியும் குனிந்தாள். பயப்படுவதற்குக்கூட அன்றைக்கு அவளிடம் தெம்பு மிச்சமில்லை.

அந்தப் பலகை பள்ளியின் புதிய வசதி. வகுப்புக்கு ஒரு சுவிட்ச்; அழுத்தினால் இங்கிருந்து பேசலாம், அங்கே நடப்பதைக் கேட்கலாம். வகுப்பிலிருந்து யாராவது பொத்தானைத் தட்டினால் இங்கே விளக்கு எரியும். மாலை மணி அடித்ததும் தினமும் அவள்தான் அதில் பேசிப் பள்ளியை விடுவாள். பேசுவதற்கு முன் ஒரு பெருமூச்சு விடுவாள். எல்லா வகுப்பிலும் அதை ஒரே நேரத்தில் கேட்டுக் கேட்டு, மாணவிகள் அவளுக்குப் 'பெருமூச்சு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவளுடைய மகளும் அதே பள்ளியில் ஆறாம் வகுப்பு. வீட்டில் சில சமயம் வாய்தவறி அவளும் அப்படியே சொல்லிவிடுவாள்.

நூற்றாண்டு மலருக்கான 'வரலாறும் வசதிகளும்' கட்டுரை காலையில் அச்சுக்குப் போயாக வேண்டும். ஆய்வுக்கூடம், நூலகம், சிற்றாலயம், புதிய குடிநீர்த் தொட்டி என்று வசதிகள் முடிந்துவிட்டன. வரலாறுதான் இழுத்தது. தாயில்லாப் பெண் குழந்தைகளுக்கான விடுதியாகத் தொடங்கப்பட்டது என்ற முதல் வரியை எழுதிவிட்டு, கன்னியர் மடத்துத் தலைமையம்மையாரைத் தொலைபேசியில் அழைத்திருந்தாள்.

"காய்ச்சல் வருஷத்துலகூட ஒரு நாள் மூடலைன்னு எழுதுங்க டீச்சர். அதுதான் நமக்குப் பெருமை. மேல் மாடியில படுக்கையைப் போட்டு, படுத்த இடத்துலயே பாடம் சொல்லிக்குடுத்தாங்களாம்."

"அப்புறம் என்னாச்சு சிஸ்டர்?"

"என்னாச்சுன்னா? பள்ளிக்கூடம் நடந்துச்சு."

அதையும் எழுதினாள். ஒரு நாளும் பள்ளி மூடப்படவில்லை. வாக்கியம் நன்றாகத்தான் இருந்தது. ஏனோ அடித்துவிடத் தோன்றியது.

"அம்மா, போலாமா?" மகள் கதவில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"ரெண்டே வரி."

"இதையே சொல்லிச் சொல்லி ரெண்டு பக்கம் எழுதிட்ட."

அவள் மகளின் கன்னத்தைத் தொட்டாள். மதியம் இருந்ததைவிடச் சூடு. உடனே கிளம்ப வேண்டும் என்று நினைத்தாள், நினைத்துக்கொண்டே, "சேப்பல்ல போய்ப் படு, அங்க லைட் இருக்கு. நான் வந்து கூப்பிடற வரைக்கும் எழுந்து வராதே" என்றாள். மகள் உடனே திரும்பிப் போனாள். அப்படிச் சொல்பேச்சுக் கேட்பது அவள் வழக்கமில்லை.

காவலாளி சாவிக்கொத்தோடு எட்டிப்பார்த்தார். "என்ன டீச்சரம்மா, வீடுன்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சா?"

"அண்ணே, இந்தக் கடைசி சுவிட்ச் எந்த வகுப்பு?"

"அதுவா? மேல் மாடிக்குன்னு வச்சாங்க. இன்னும் ஒயரே இழுக்கலை. உடைஞ்ச பெஞ்சுக்கெல்லாம் ஸ்பீக்கர் எதுக்கு?"

"விளக்கு எரியுதே."

"புதுசுல்ல, கண்ணடிக்கும்." சிரித்துவிட்டு நடந்தவர் திரும்பினார். "பாப்பாவுக்கு முகமே சரியில்லை. கூட்டிட்டுக் கிளம்புங்க. கேட் பக்கத்துலதான் இருப்பேன்."

அவர் போன பிறகு, விளக்கை அணைக்கலாம் என்று எழுந்து சுவிட்சை அழுத்தினாள். முதலில் காற்றின் இரைச்சல்போல் ஒன்று வந்தது. கூர்ந்து கேட்கக் கேட்க அது பல நெஞ்சுகள் ஒரே சமயத்தில் விடுகிற, சளி கட்டிய மூச்சாகப் பிரிந்தது. அதற்கடியில் எங்கோ துணியைத் தண்ணீரில் முக்கிப் பிழியும் ஒலி கேட்டது. தகரக் கிண்ணம் ஒன்று தரையில் உரசியது. எல்லாவற்றுக்கும் மேலே, மெலிந்து கம்மிய குரல்கள் வாய்ப்பாட்டை ஒப்பித்தன. ஓரிடத்தில் ஒரு குரல் விட்டுப்போனது. மற்றவை நிற்காமல் தொடர்ந்தன.

யாரோ ஸ்பெஷல் கிளாஸ் வைத்திருக்கிறார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். இந்நேரம் வரைக்கும் பிள்ளைகளைப் பிடித்துவைக்கிறார்களே என்ற எரிச்சல் எழுந்தது. அந்த எரிச்சலிலும் அசதியிலும், மாலைதோறும் சொல்லி நாக்குக்குப் பழகிவிட்ட சொற்கள், யோசிக்கும் முன்பே, ஒரு பெருமூச்சுக்குப் பின் தாமாக வெளியே வந்தன.

"சரி, போதும். புத்தகத்தை மூடுங்க. சத்தம் போடாம, வரிசையா, அவங்கவங்க அம்மாகிட்ட போங்க."

ஒப்பித்தல் நின்றது.

இருமல்கூட இல்லை. பிறகு எல்லாக் குரலும் சேர்ந்து, நெடுநாள் காத்திருந்தவர்களின் பணிவோடு, "நன்றி டீச்சர்" என்றன.

கட்டில்கள் கிரீச்சிட்டன. ஒன்று. இன்னொன்று. பிறகு எல்லாமே. வெறுங்கால்கள் மரத்தரையில் இறங்கும் ஓசை ஸ்பீக்கரில் கேட்டது. அதே ஓசை, ஒரு நொடி பிந்தி, அவள் தலைக்கு மேலே உத்தரத்திலும் கேட்டது.

அந்த மாடிக்கு ஒயரே இழுக்கவில்லை.

சுவிட்சை மேலே தள்ளினாள். விளக்கு அணைந்தது. மேலே நடை நிற்கவில்லை.

தாழ்வாரத்தில் ஓடினாள். கால் கனத்தது. நாளெல்லாம் நின்ற கால். படிக்கட்டைக் கடக்கும்போது மேலிருந்து ஈரத்துணியின் வாடையும் மருந்தின் கசப்பும் இறங்கின. ஏறிட்டுப் பார்க்கவில்லை. அம்மாகிட்ட என்று சொல்லியிருந்தாள். தாயில்லாப் பெண்களிடம்.

சிற்றாலயத்தின் முதல் பெஞ்சில் மகள் சுருண்டு கிடந்தாள். தொட்டால் அனல்.

"இப்பவாவது போலாமா?"

"போலாம்டா."

பதினொரு வயதுப் பெண்ணைத் தூக்கிப் பல நாளாகியிருந்தது. முதுகு விண்ணென்று தெறித்தது. எங்கிருந்தோ ஒரு வலு வந்தது. இந்த ஒரு பிள்ளையை வாசல்வரை சேர்ப்பதற்கு மட்டும் போதுமான வலு. பையைத் தோளில் மாட்டி, மகளின் தலையை மறுதோளில் சாய்த்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். தூரத்தில் கேட். காவலாளியின் பீடி நுனி.

சிற்றாலய விளக்கு முதுகுப்பக்கம் இருந்ததால் அவள் நிழல் முன்னால் நீண்டது. அதன் அருகே இன்னொரு நிழல் வந்து சேர்ந்தது. சின்னது. அதன் பின்னால் மற்றொன்று, முன்னதன் தோளில் கைவைத்தபடி. பிறகு மற்றொன்று.

மகள் அவள் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, அவங்க யாரு?"

"யாருமில்ல. கண்ணை மூடிக்கோ."

"உன்னைத்தான் கூப்பிடறாங்க."

அவள் திரும்பவில்லை. கேட்டது. பக்கத்தில், முழங்கை உயரத்தில், ஒரு குரல்.

"அம்மா, போலாமா?"

அதற்குப் பின்னால் இன்னொரு குரல். அதே கேள்வி.

பையின் வாரை யாரோ பிடித்தார்கள். இழுக்கவில்லை, மரியாதையாக, விட்டுவிடாமல். உடையின் ஓரத்தை ஒரு கை பற்றியது. இடுப்பில் ஒரு உள்ளங்கை. சுட்டது. மகளின் கன்னம் எப்படிச் சுட்டதோ அப்படி.

நடந்தாள். கனம் கூடியது. நடந்தாள்.

காவலாளி கேட்டைத் திறந்து, "ஒருவழியா..." என்று சிரித்தபடி திரும்பினார். சிரிப்பு பாதியில் நின்றது. அவர் பார்வை அவளைத் தாண்டியது. முற்றத்தைத் தாண்டியது. தாழ்வாரத்தின் வழியே மெல்ல மெல்ல உயர்ந்து, மேல் மாடிப் படிக்கட்டில் போய் நின்றது.

இன்னும் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.