நான்கு அங்குலம்

பல் டாக்டர் எங்கள் வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. கையில் தோல் பை, கழுத்தில் கேமரா. முப்பது வருடம் ஊரார் பல்லைப் பிடுங்கிய மனிதர் இப்போது ஓய்வில் பொம்மைக் கார் செய்கிறார். பொம்மை என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும்.

"மாடல் சார், மாடல். பதினெட்டுல ஒரு பங்கு. ஒரு திருகாணி கூட மாறக்கூடாது."

வேலையற்றவர்களுக்கு இப்படித்தான் ஏதாவது ஒரு பிடிவாதம் வந்துவிடுகிறது. ஆனாலும் அவரை உள்ளே விட்டேன். என் அப்பா கட்டிக்கொடுத்த நூலகத்துக்கு அது ஐம்பதாவது ஆண்டு. அப்பாவின் காரை மாடலாகச் செய்து, கண்ணாடிப் பெட்டியில் வைத்து, கீழே அவர் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறிக்கப் போவதாகக் கமிட்டி முடிவு செய்திருந்தது. அந்தத் தகட்டுக்காகத்தான் இந்த மனிதரைப் பொறுத்துக்கொண்டேன்.

கார் ஷெட்டைத் திறந்து ஐம்பத்தெட்டு வருடங்கள் ஆகியிருந்தன. கதவு பாதி திறந்ததும் உள்ளிருந்த காற்று வெளியே வந்தது. பழைய தோல், எலி, உறைந்துபோன எண்ணெய். எல்லாம் எதிர்பார்த்த நாற்றங்கள்தான். பட்டப்பகலிலும் உள்ளே ஒரு மங்கல் இருந்தது. டார்ச் வெளிச்சம் காரின் கறுப்பு பெயின்ட்டில் பட்டு அப்படியே உள்ளே போய்விடுவதுபோல் இருந்தது.

டாக்டர் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கோவிலா என்ன! முன் கிரில்லில் எத்தனை கம்பி என்று எண்ணினார். சீட் தையலில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணினார். பையிலிருந்து பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்து டாஷ்போர்டுக்கு அடியில் நுழைத்து, காருக்குச் சொத்தைப் பல் இருக்கிறதா என்று தேடுவதுபோல் பார்த்தார். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு மனிதன் தன் ஆயுளை எப்படியெல்லாம் வீணாக்க முடியும் என்பதை வேடிக்கை பார்த்தேன்.

பன்னிரண்டு மணி வாக்கில் அவர் குரல் சீட்டுக்கு அடியிலிருந்து வந்தது.

"சார், டிரைவர் சீட் ஏன் இவ்வளவு முன்னாடி இருக்கு?"

"கார்னா சீட் எங்கயாவது இருக்கும்."

"அதில்ல சார். சீட் நகர்ற தண்டவாளம் துருப்பிடிச்சு இறுகிப்போச்சு. கடைசியா ஓட்டினவர் வெச்ச இடத்துலயே நிக்குது. யார் கடைசியா ஓட்டினது?"

"டிரைவர்."

பதினாறு வயதில் போலீஸ் அதிகாரி முன் நின்று சொன்ன அதே பதில். அன்றும் என் குரல் நடுங்கவில்லை.

விஷயம் ஊரறிந்தது. எங்கள் டிரைவர் ஒரு மாலை குடித்துவிட்டுக் கார் ஓட்டி, அச்சகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பிய ஒருவரை மோதிக் கொன்றான். அப்பாவும் நானும் காரில் இருந்தோம். இருவரும் சாட்சி சொன்னோம். ஜெயிலுக்குப் போன இரண்டாவது வருடம் அவன் காய்ச்சலில் செத்தான். விபத்து நடந்த இடத்திலிருந்து லாரியில் ஏற்றி வந்த காரை அப்பா அப்போதே ஷெட்டில் விட்டுப் பூட்டியிருந்தார். அதற்குப் பிறகு அந்த சீட்டில் யாரும் உட்காரவில்லை.

ஒரு தவறு நான் செய்தேன். செய்தது கர்வத்தால். காரின் பழைய பளபளப்பு தெரியட்டும் என்று ஒரு புகைப்படத்தை டாக்டரிடம் கொடுத்தனுப்பினேன். காருக்குப் பக்கத்தில் சீருடையில் டிரைவர் நிற்பதை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. வீட்டுப் படத்தில் டிரைவரை யார் பார்ப்பார்கள்?

அடுத்த ஞாயிறு டாக்டர் அந்தப் படத்தின் மேல் பென்சில் கோடுகள் போட்டு எடுத்து வந்தார்.

"கார் உயரம் நமக்குத் தெரியும் சார். அதை வெச்சுக் கணக்குப் போட்டா இவர் ஆறடி ரெண்டு அங்குலம். இந்த சீட்ல உக்காந்தா முட்டி ஸ்டியரிங்ல சிக்கிக்கும். பிரேக் மிதிக்கவே முடியாது. எனக்கே இடிக்குது."

டீ கொண்டுவந்த என் தங்கை தட்டோடு நின்றுவிட்டாள். அறுபத்தெட்டு வயது, எங்கே வாயை மூட வேண்டும் என்று இன்னும் தெரியாது.

"ஆமாண்ணா. அவரு நம்ம வாசல்ல குனிஞ்சுதான வருவாரு. என்னைத் தோள்ல தூக்கினா மாமரத்து உச்சி தெரியும்." கொஞ்சம் யோசித்தாள். "அப்பா குள்ளம்."

"உள்ள போ."

"நான் சொல்றது..."

"உள்ள போன்னேன்."

எங்கள் குடும்பத்தில் ஆண்கள் யாரும் ஐந்தடி நான்கைத் தாண்டியதில்லை. தலை நிமிர்ந்து நடப்பதால் அது யார் கண்ணிலும் பட்டதில்லை. இந்தப் பல்பிடுங்கிக்கு மட்டும் பட்டுவிட்டது.

"டாக்டர், மாடல்ல சீட்டைப் பின்னாடி தள்ளி வெச்சிடுங்க. நாலு அங்குலம்."

"மாடல்ல அது ஒரு அரிசி நீளம்தான் சார்."

"அப்ப என்ன? ஒரு அரிசிக்கா இந்தப் பாடு?"

அவர் டீயைக் கீழே வைத்தார். "இல்லாததை நான் செய்யறதில்ல சார். அது பொம்மை செய்யறவன் வேலை."

திமிர். ஆனால் நான் வாக்குவாதம் செய்து தோற்கிற ஆள் இல்லை. "தப்பா அளந்துட்டீங்க. புதன்கிழமை மூணு மணிக்கு வந்து மறுபடி அளங்க," என்றேன். அந்த அரிசி நீளத்துக்குள் அப்பாவின் பெயரும் நான் சொன்ன சாட்சியும் இருந்தன. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று ஊரே குனிந்து பார்க்கும். அவர்களில் ஒருவனுக்காவது கணக்குப் போடத் தெரிந்திருக்கும்.

திங்கட்கிழமை மதியம் மண்ணெண்ணெயும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு தனியாக ஷெட்டுக்குப் போனேன். ஒரு மணி நேரம் அடித்தேன். துரு செதில் செதிலாக உதிர்ந்து, சீட் ஒரு முனகலோடு நகர்ந்தது. நான்கு அங்குலம். டேப் வைத்துப் பார்த்துவிட்டுப் பூட்டினேன். சாவி என் சட்டைப் பையில்.

செவ்வாய் காலை திறந்து பார்த்தேன்.

சீட் முன்னால் இருந்தது.

குனிந்து டார்ச் அடித்தேன். தண்டவாளத்தில் துரு முழுசாக இருந்தது. நான் உடைத்த இடம் எதுவும் இல்லை. துருவின் மேல் தூசி, தூசியின் மேல் பழைய ஒட்டடை. தரையில் மண்ணெண்ணெய்க் கறை மட்டும் ஈரமாக இருந்தது.

வயதாகிவிட்டால் கை செய்ததைக் கண் மறக்கும் என்பார்கள். என் கண் அப்படிப்பட்டதில்லை. மறுபடி அடித்தேன், மறுபடி தள்ளினேன். இந்த முறை சீட்டுக்கு முன்னால் ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்தேன்.

புதன் காலை சீட் முன்னால் இருந்தது. மரக்கட்டை ஷெட் வாசலுக்கு உள்பக்கமாக, யாருக்கும் கால் தடுக்காதபடி, சுவரோரம் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது.

அந்த ஒழுங்குதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மதியம் இரண்டு மணிக்கு மூன்றாவது முறை தள்ளினேன். இம்முறை இறங்கவில்லை. நானே சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு காலையும் முன்னால் ஊன்றிக்கொண்டேன். டாக்டர் வரும்வரை அசையப் போவதில்லை. என் வீட்டுக் காரில், என் அப்பாவின் காரில், என்னை யார் நகர்த்துவது?

வெளியே தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துப் போனது. பிறகு அந்தச் சத்தமும் இல்லை. கண்ணாடிகள் தூசியால் மூடியிருந்தன. வெளிச்சம் பழைய தண்ணீர்போல் கலங்கி வந்தது.

முதலில் வாசனை வந்தது. கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட துணியின் வாசனை.

பிறகு பின் சீட்டின் ஸ்பிரிங் ஒன்று இறங்கியது.

மெதுவாக. உட்கார அனுமதி கேட்டு உட்காருகிறவர்களைப்போல.

நான் திரும்பவில்லை. வேலைக்காரர்களைத் திரும்பிப் பார்க்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை.

என் முதுகில், சீட்டின் தோலுக்குப் பின்னாலிருந்து, ஏதோ அழுத்தியது. உருண்டையாக. கெட்டியாக.

இரண்டு.

முழங்கால்கள்.

"ஐயா..." காதுக்கு மிக அருகே, மேலிருந்து குனிந்து வந்த குரல். "சீட்டைக் கொஞ்சம் முன்னாடி தள்ளிக்கிறீங்களா? முட்டி இடிக்குது."

அந்த வார்த்தைகள் எனக்குத் தெரியும். ஐம்பத்தெட்டு வருடங்களாக நான் யாரிடமும் சொல்லாத வார்த்தைகள். அன்று மாலை குடித்திருந்தது அப்பா. "இன்னைக்கு நீதான்டா முதலாளி, பின்னாடி போய் உக்காரு," என்று டிரைவரைப் பின் சீட்டுக்குத் தள்ளிவிட்டு அவரே ஸ்டியரிங்கைப் பிடித்தார். நான் பக்கத்தில் இருந்தேன். அவன் மடங்கி ஒடுங்கி உட்கார்ந்து, இதைத்தான் கேட்டான். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "முதலாளி சொன்னா செய்யணுமே!" என்று ஓடுகிற காரிலேயே சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்கத் திரும்பினார். நானும் சிரித்துக்கொண்டே திரும்பினேன்.

சைக்கிளை எங்கள் இருவரில் யாரும் பார்க்கவில்லை. "ஐயா, ஆளு!" என்று கத்தியது அவன் மட்டும்தான்.

முழங்கால்கள் அழுத்தின. கோபம் இல்லாத, அவசரம் இல்லாத அழுத்தம். ஊன்றியிருந்த என் கால்கள் மடங்கின. சீட் ஒரு அங்குலம் போனது. இன்னும் ஒன்று. ஸ்டியரிங் என் நெஞ்சைத் தொட்டது. மூச்சை இழுத்தால் விலா எலும்பு அதில் இடித்தது.

அப்போது கதவு திறந்தது. டாக்டர்.

அவர் என்னைப் பார்த்தார். குனிந்து குட்டிக் கண்ணாடியை நீட்டி அடியில் பார்த்தார். அளந்தார். "அதே அளவுதான் சார்," என்றார். "துரு கூட உடையல."

அவர் என்னை வெளியே இழுப்பதற்காகப் பின் சீட்டில் கையை ஊன்றினார். ஊன்றிய கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"சார், இங்க யாராவது உக்காந்திருந்தாங்களா?" குரல் இறங்கிப்போயிருந்தது. "மெத்தை சூடா இருக்கு."

"வெயில்," என்றேன்.

ஷெட்டுக்குள் வெயில் எங்கிருந்து வரும் என்று அவர் கேட்கவில்லை. வராந்தாவில் எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "மாடலை முடிச்சுட்டேன் சார். சீட் எங்க இருந்துச்சோ அங்கதான் இருக்கு. பெட்டில வைக்கறதும் வைக்காததும் உங்க இஷ்டம்," என்று சொல்லிப் போய்விட்டார். வைக்கவில்லை. கமிட்டியில் என் பேச்சை மீற அன்றும் ஆள் இல்லை, இன்றும் இல்லை. அந்த மாடலை அவரே வீட்டில் வைத்துக் கொஞ்சிக்கொள்ளட்டும்.

சனிக்கிழமை பழைய இரும்புக்காரனை வரவழைத்தேன். என் கண் முன்னாலேயே காரைத் துண்டு துண்டாக வெட்டச் சொன்னேன். டிரைவர் சீட்டையும் பின் சீட்டையும் முற்றத்தில் போட்டு எரிக்கச் சொன்னேன். தங்கை சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உண்மையைச் சொல்லிடுங்கண்ணா. அப்பா போயே முப்பது வருஷம் ஆச்சு."

"அவர் பேர் போகலை."

"அந்த மனுஷனுக்கும் ஒரு பேர் இருந்துச்சு. உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

இல்லை. டிரைவர் என்றுதான் கூப்பிட்டோம். அவள் அன்று மாலையே பெட்டியைக் கட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

நூலக விழா சிறப்பாகவே நடந்தது. அப்பாவின் பித்தளைத் தகடு பளபளத்தது. முன்வரிசையில் எனக்கு மெத்தை வைத்த நாற்காலி. பின்வரிசை காலியாக இருந்தது. நான் திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். பேச்சாளர் அப்பாவின் நேர்மையைப் பற்றி ஆரம்பித்தபோது முதுகில் அந்த இரண்டு உருண்டைகள் பட்டன. நாற்காலி தரையில் கீறிக்கொண்டு ஒரு அங்குலம் முன்னால் போனது. பேச்சாளர் நிறுத்தினார். நான் வசதியாக உட்காருவதற்காக இழுத்துக்கொண்டதுபோல் தலையசைத்தேன். மேடைப் படி என் முட்டியில் இடிக்கும்வரை அப்படியே தலையசைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையிலும் அப்படித்தான், சலூனிலும் அப்படித்தான்.

நேற்று என் நாற்காலியின் முதுகைச் சுவரோடு சுவராக ஒட்டி வைத்து, மேசையை முன்னால் இழுத்துப் போட்டேன். சுவருக்கும் நாற்காலிக்கும் நடுவில் ஒரு காகிதம் கூட நுழையாது. இனி எங்கே உட்காருவான் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

இன்று காலை நாற்காலி சுவரிலிருந்து விலகி நின்றது. நெடிய கால்களை உடைய ஒருவர் மடங்காமல், சௌகரியமாக உட்காருகிற அளவுக்கு.

அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வேறு நாற்காலிக்கு மாறுவது பயந்தவன் செய்கிற வேலை. நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன். மன்னிப்புக் கேட்பதற்காக அல்ல; எங்கள் வீட்டில் யாரும் அதைக் கேட்டுப் பழக்கமில்லை. எழுதினால் போய்விடுவான் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

மேசை விளிம்பு என் நெஞ்சில் அழுந்தியிருக்கிறது. பேனாவை நகர்த்த மட்டும்தான் இடம் இருக்கிறது.

பின்னால் ஒருவர், பேச்சை ஆரம்பிக்குமுன், மரியாதையாகத் தொண்டையைச் செருமுகிறார்.