நான்கு மணிக்கு இறங்குபவர்

1969 நவம்பரில், கல்யாணமான மூன்றாம் வாரம், ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரில் என் கணவர் ரகுநாதன் குடியிருந்த பழைய வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மூன்றாம் மாடி, மரப்படிகள். ஈரக் கம்பளியும் நிலக்கரிப் புகையும் கலந்த வாசனை. ஆராய்ச்சி மாணவருக்கு வேறென்ன கிடைக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மறுநாள் மாலை நான்கு மணிக்கு எங்கள் வாசலிலிருந்து யாரோ படியிறங்கினார்கள். கனமான பூட்ஸ் சத்தம், கூடவே பெட்டி ஒன்று சுவரில் இடிபடும் ஓசை. முதல் திருப்பத்தில் காலடி நின்றது. யாராவது கூப்பிடுவார்களா என்று காத்திருப்பதுபோல் நின்றது. பிறகு இறங்கிப் போயிற்று.

கதவைத் திறந்து பார்த்தேன்.

படிகளில் யாருமில்லை.

தினமும் இதே கதை. சனிக்கிழமை ரகு வீட்டில் இருந்தார். ஓசை கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டார். தெரிந்தேதான் என்னை இங்கே குடிவைத்திருக்கிறார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாருங்க அது?"

"ஒபியோரா, என் ரூம்மேட்," என்றார் மெதுவாக. "நைஜீரியாலேருந்து பிரிஞ்ச பயாஃப்ராக்காரன். அங்கே உள்நாட்டுப் போர். உமுவாகியா டவுனைப் பிடிக்க ஆர்மி வருதுன்னு மார்ச்ல நியூஸ். அட்டாக் ஆரம்பிக்கிறதுக்குள்ள அம்மாவைக் கூட்டிட்டு வந்துடறேன்னு கிளம்பினான். அவன் படியிறங்கும்போதே போன் அடிச்சுது. பக்கத்து நாடு காபோன்லேருந்து அவன் அக்கா. 'அம்மா நேத்தே இங்கே என்கிட்ட வந்துட்டாங்க, அவனை நிறுத்துங்க'ன்னு அழுதாங்க."

"நிறுத்த வேண்டியதுதானே?"

"சண்டை நடக்கிற ஊருக்குப் போறவனைப் பின்னாலேருந்து கூப்பிடலாமா, வத்சலா? வாய் வரைக்கும் வந்துச்சு. ஆகாதுன்னு முழுங்கிட்டேன். எதிர்ல போய் நின்னு சொல்லலாம்னு பின்படி வழியா ஓடினேன். அதுக்குள்ள டிராம் கிளம்பிடுச்சு. ஏர்போர்ட் போய்ச் சேர்ந்தா ஃபிளைட்டும் போயிடுச்சு."

அங்கே இல்லாத அம்மாவை ஒபியோரா அந்த ஊரில் வீடு வீடாகத் தேடியிருக்கிறார். ஏப்ரலில் ஒரு குண்டு அவர்மேல் விழுந்தது. அக்கா எழுதிய கடிதத்தை ரகு எடுத்துக் காட்டினார். படித்த மனிதருக்கு இப்படி ஒரு சாஸ்திரமா என்று திட்டத்தான் வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் என் நெஞ்சு உடைந்துவிட்டது.

"நாளைக்குக் கூப்பிடுங்க," என்றேன்.

மறுநாள் நான்கு மணிக்குக் கதவைத் திறந்து வைத்தோம். காலடி இறங்கியது. திருப்பத்தில் நின்றது.

"ஒபியோரா!" ரகு ஆங்கிலத்தில் கத்தினார். "போகாதே! அம்மா பத்திரமாக இருக்கிறார்! அக்காவிடம் இருக்கிறார்!"

காலடிகள் திரும்பின.

ஒவ்வொரு படியாக ஏறின.

எங்கள் முன்னால் வந்து நின்றன. கண்ணுக்கு யாரும் தெரியவில்லை. ஓர் ஆண்பிள்ளை விம்மி விம்மி அழும் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது. அன்று இரவுதான் ரகு வயிறாரச் சாப்பிட்டார். அதன்பின் அந்த வீட்டில் ஓசை இல்லை.

அடுத்த ஆண்டு பிராங்பேர்ட்டில் அவருக்கு வேலை கிடைத்தது. நான்தான் வீடு தேடினேன். தரைத்தளம், வாசலில் ஒரு படிகூடக் கிடையாது. குடிபுகுந்த அன்று மாலை சாமான்களைப் பிரித்துக்கொண்டிருந்தோம்.

மணி நான்கு.

அங்கே இல்லாத மரப்படிகளில் பூட்ஸ் கால்கள் இறங்கத் தொடங்கின.

ரகு எழுந்து ஓடினார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தொண்டை கட்டும்வரை கூப்பிட்டார்.

இந்தத் தடவை அவை நிற்கவில்லை.