மறுகயிறு

காக்கை ஒன்றுகூட இல்லை. ஜெபஸ்டினுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

கரைவலை இழுக்கிற இடம் எப்படி இருக்கும் என்று கடலூர் முதுநகரில் பிறந்தவனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வலை பாதிக் கடலில் கிடக்கும்போதே காக்கைகள் கரையில் கூடிவிடும், மேலே பருந்து வட்டமிடும், நாய்கள் முன்கூட்டியே வந்து இடம்பிடித்துப் படுத்துவிடும், கூடையோடு வந்த பெண்கள் இன்னும் பிடிபடாத மீனுக்கு விலைபேசிச் சண்டையை ஆரம்பித்திருப்பார்கள். இங்கே சவுக்குத் தோப்புக்கு எதிரே இருபது பேர் வரிசையாகக் கயிற்றைப் பிடித்து நிற்கிறார்கள். பாட்டு இல்லை, அதட்டல் இல்லை, மீன் கவிச்சிகூட இல்லை. காற்றில் வந்தது வேறொரு வாடை. பல வருடம் பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்தால் வருமே, அந்த ஈரவாடை. பதினொன்றரை மணி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

அயர்லாந்தில் ஒன்பது வருடம் மழையில் ஊறியவனுக்கு வெயிலின் மேல் ஒரு கிறுக்கு. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டதால், இந்த முறை சொந்த ஊருக்கே விசா வாங்கிக்கொண்டுதான் வந்திருந்தான். சென்னை விமான நிலையத்தில் வெளிநாட்டுக்காரர் வரிசையில் நின்றபோது மனைவி நித்யா மேரி விழுந்து விழுந்து சிரித்தாள். மூன்று வாரம் விடுமுறை, தங்கியிருப்பது சிதம்பரத்தில் மாமியார் வீட்டில். விருந்துச் சாப்பாடு செரிக்கவில்லை என்று சொல்லி, சாமியார்பேட்டையிலிருந்து அன்னங்கோயில் வரைக்கும் கடலோரமாகவே தனியாக நடக்கப்போவதாகக் கிளம்பிவிட்டான். பதினொன்றே முக்காலுக்கு நித்யா அன்னங்கோயிலில் காரோடு நிற்பாள். அவளுக்கு இது ஐந்தாம் மாதம். ஆறு வருடம், மூன்று ஆஸ்பத்திரி, கணக்கில்லாத ஊசி, வேளாங்கண்ணிக்கு இரண்டுமுறை நடை, அதற்கெல்லாம் பிறகு தரித்த பிள்ளை. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிற ஒரு நாளுக்காகத்தான் ஜெபஸ்டின் இப்போதெல்லாம் சிகரெட்டை விட்டு, சர்க்கரையைக் குறைத்து, தினமும் எட்டாயிரம் அடி நடக்கிறான். சாகாமல் இருப்பதற்காக நடந்தான் என்றே சொல்லலாம்.

கயிறு அவன் வழியை மறித்துக் கிடந்தது. ஒரு முனை விறைப்பாகக் கடலுக்குள் போக, மறுமுனை வரிசையின் கடைசி ஆளைத் தாண்டி, மணலில் தளர்ந்து சவுக்குமர வேர் வரை நீண்டிருந்தது. வேறு எவனாவது வெளியூர்க்காரன் என்றால் ஒரு எட்டில் தாண்டிப் போயிருப்பான், தப்பியும் இருப்பான். ஜெபஸ்டின் இந்தக் கடற்கரைப் பிள்ளை. வலைக்கயிற்றைத் தாண்டக்கூடாது, இழுக்கிறவர்களைப் பார்த்தும் கைகொடுக்காமல் போகக்கூடாது. இந்த இரண்டும் அவன் ரத்தத்தில் இருந்தன. கயிற்றைத் தொடுமுன் யார் வலை என்று கேட்டுத் தொடவேண்டும் என்பதும் நினைவிருந்தது.

"யாரு வலைங்க?" என்று கேட்டான்.

ஒருவரும் திரும்பவில்லை. கடைசியில் நின்ற நரைத்த தலைக்காரர் மட்டும், கடலைப் பார்த்தபடியே, தொண்டை கட்டிய குரலில் சொன்னார்.

"ஒரு கை குடு தம்பி. உனக்குப் புண்ணியமாப் போவும்."

கேட்டதற்கு இது பதில் இல்லை. அங்கேயே அவன் சுதாரித்திருக்க வேண்டும். ஆனால் அயர்லாந்துக்காரன் ஆகிவிட்டான் என்று மச்சான் காலையில்தான் கிண்டல் செய்திருந்தான். அந்த வீம்பு வேறு உள்ளே குத்திக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டான். போனைப் பேண்ட் பாக்கெட்டில் செருகினான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்கிறவனைப்போல, குனிந்து, பெரியவருக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தான்.

கயிறு சில்லென்றிருந்தது. பாதத்தைப் பொசுக்கும் மணலில் காலையிலிருந்து கிடந்த கயிறு, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததுபோல் உள்ளங்கையைக் கடித்தது.

அவன் பிடித்த அதே நொடியில் பெரியவர் கையை விட்டார். தன் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையில் தோலே இல்லை. வாய் கோணியது, அழுகிறாரா சிரிக்கிறாரா தெரியவில்லை. பிறகு அந்த வயதுக்கு ஒவ்வாத வேகத்தில் சவுக்குத் தோப்புக்குள் ஓடினார். மரங்களுக்கு நடுவே அவர் விழுந்து, எழுந்து, மறுபடி ஓடுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

"இன்னாண்ணே, பெருசு இப்பிடி ஓடுது?" என்று சிரித்தான் ஜெபஸ்டின்.

முன்னால் நின்றவன் நீல நிறக் கம்பெனிச் சட்டை போட்டிருந்தான். குடிகாடு தொழிற்பேட்டைப் பக்கம் ஷிப்டுக்குப் போகிறவர்கள் போடுகிற மாதிரிச் சட்டை. முதுகில் உப்புப் பூத்துப் பாளம் பாளமாக வெடித்திருந்தது. அவன் சிரிக்கவில்லை.

ஜெபஸ்டின் குதிகாலை ஊன்றி இழுத்தான். கரைவலையில் இழுக்க இழுக்க ஆள் பின்னால் போகவேண்டும். அவன் கால் முன்னால் போனது. மணல் சரிகிறது என்று நினைத்தான். மறுபடி ஊன்றினான். மறுபடி ஓர் அடி முன்னால். வரிசை முழுக்க அப்படித்தான், ஒரே மாதிரி, ஒரே அடி, கடலை நோக்கி. அப்போதுதான் இன்னொன்றையும் கவனித்தான். கரைவலைக்கு இரண்டு கயிறு. இரண்டு கூட்டம் இரண்டு பக்கம் நின்று இழுத்து, மெல்ல மெல்ல நெருங்கி, நடுவில் வலையின் மடியைக் கரையேற்றுவார்கள். வடக்கே பார்த்தான். தெற்கே பார்த்தான். வெறும் மணல், வெறும் கானல்.

"அண்ணே, மறுகயிறு எங்க?"

"அந்தப் பக்கம் இழுக்குறாங்க."

"எந்தப் பக்கம்?"

நீலச்சட்டைக்காரன் தாடையால் கடலைக் காட்டினான். "உள்ள."

கயிற்றை விட்டுவிட்டுப் போய்விடலாம் என்றுதான் ஜெபஸ்டின் முதலில் நினைத்தான். விரல்கள் திறக்கவில்லை. ஒட்டிக்கொள்ளவில்லை, மரத்துப்போகவில்லை, கயிற்றின் ஒவ்வொரு முறுக்கும் உள்ளங்கையில் தெளிவாகத் தெரிந்தது. ஆனாலும் திற என்றால் திறக்கவில்லை. கை வேறு யாருக்கோ கட்டுப்பட்டிருந்தது. பல்லால் விரலைக் கடித்து இழுத்தான். ரத்தம் வந்தது. மணலில் உட்கார்ந்து பார்த்தான். உட்கார்ந்தபடியே இழுபட்டான். ஈரமணல் வந்தது. அலையின் நுரை காலைத் தொட்டபோது அலறிக்கொண்டு எழுந்தான்.

வரிசையை இப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தான். மீனவர் ஒருவர்கூட இல்லை. டிராக் பேண்ட் போட்ட ஒருவன். பட்டு வேட்டியில் ஒரு கல்யாண மாப்பிள்ளை, கழுத்தில் மாலையின் வெறும் நார். கேமரா தொங்கும் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி. எல்லோரும் வழிப்போக்கர்கள். கைகொடுக்க வந்தவர்கள். முதல் ஆளாக நின்ற மஞ்சள் நைட்டிக்காரிக்கு நீர் கழுத்தளவு ஏறியிருந்தது. அவள் தலையை ஆகாயத்துக்கு நிமிர்த்தினாள். மூக்கு மட்டும் தெரிந்தது. பிறகு கூந்தல் மட்டும். பிறகு அதுவும் இல்லை. கயிறு தளரவில்லை. அவள் விடவில்லை.

"ஐயோ, அந்தம்மா முழுவிட்டாங்க! எல்லாரும் விடுங்க! ஒண்ணா விட்டுடலாம்!"

"வுடத் தெரிஞ்சா வுட மாட்டமா?" நீலச்சட்டைக்காரன் மெதுவாகத்தான் பேசினான். "கத்தாத. எம் பேரு ராஜாமணி. நானும் உன்னாட்டம் கத்துனவன்தான். கடைசியா நிக்கிறவன் கூப்ட்டு ஆளு வந்து பின்னால புடிச்சா, அவன் கை கழண்டுக்கும். தானா வந்து புடிச்சா வரிசைதான் நீளும். ஒருத்தர் வந்தா ஒருத்தர். அவ்ளோதான்."

"வரலன்னா? செத்துருவமா?"

"செத்தா பரவால்லியே." ராஜாமணி முதல்முறையாகத் திரும்பினான். கண்ணின் வெள்ளை முழுக்கச் சிவந்து, இமையோரத்தில் உப்பு கட்டியிருந்தது. "தெனம் உச்சிக்கு உள்ள போவோம். மூச்சு முட்டும். நெஞ்சு வெடிக்கும். ஆனா நிக்காது. ராத்திரி பூரா அப்பிடியே கெடப்போம், அவுங்க முன்னாடி. மறுநாள் வெயில் ஏறச்சொல்ல கரைக்கு வந்து நிப்போம். எம் பொண்டாட்டி தேடிக்கிட்டு இந்த மணல் வரைக்கும் வந்தா. வராதடின்னு கல்ல எடுத்து எறிஞ்ச மாதிரி திட்டித் தொரத்துனேன். போயிட்டா. நாலு வருசமாச்சு. நான் கூப்புடாமயே ஒருத்தன் வந்து எனக்குப் பின்னால புடிச்சான், அவனும் அவனுக்கப்புறம் வந்தவன்லாம் ஆள் புடிச்சிக் குடுத்துட்டுக் கழண்டுக்கினான். நான் நிக்கிறேன்."

ஜெபஸ்டின் கடலைப் பார்த்தான். கயிற்றின் வழியாக உள்ளங்கைக்கு ஒன்று வந்துகொண்டிருந்தது: அந்தப் பக்கத்தவர்களின் இழுப்பு. அவசரம் இல்லாத, களைப்பே இல்லாத இழுப்பு.

நீர் முழங்கால். நீர் தொடை.

பாக்கெட்டில் போன் அடித்தது. நித்யாவுக்கென்று அவன் வைத்த ரிங்டோன். தொடையில் அது அதிர்ந்து அதிர்ந்து கூப்பிட்டது. இரண்டு கையும் கயிற்றில். அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. ஓர் அலை இடுப்பைக் கடந்தது. அதன்பிறகு அடிக்கவில்லை.

டிராக் பேண்ட்காரன் முழுகினான். மாப்பிள்ளை முழுகினான். வெள்ளைக்காரப் பெண்ணின் கேமரா மட்டும் கொஞ்சநேரம் மிதந்தது.

அப்போது தெற்கே, ஈரமணலில், பச்சைக் குடை ஒன்று தெரிந்தது.

தூரத்திலேயே அந்த நடை தெரிந்துவிட்டது அவனுக்கு. ஒரு கையை இடுப்பில் கொடுத்து, வயிற்றை முன்தள்ளி, வாத்து மாதிரி. அவன் எடுக்காத போனை நொந்துகொண்டு, அவனைத் தேடிக்கொண்டு வருகிறாள்.

"உங்க வூட்டம்மாவா?" ராஜாமணியின் குரல் சட்டென்று குழைந்தது. மரியாதை வந்தது. "முழுவாம இருக்காங்களா? எத்தினி மாசம்?"

"அஞ்சு."

ராஜாமணியின் மூச்சு வேகமானது ஜெபஸ்டினுக்குக் கேட்டது.

துரத்த வேண்டும். ஜெபஸ்டின் அதைத் தெளிவாகத்தான் நினைத்தான். கெட்ட வார்த்தை சொல்லியாவது துரத்த வேண்டும். அவள் போய்விட்டால் பிள்ளை பிறக்கும், வளரும், அப்பா கடலில் போய்விட்டார் என்று சொல்லிக்கொள்ளும். போகட்டும். வாயைத் திறந்தான்.

அலை ஒன்று முகத்தில் உடைந்தது.

மூக்கு, வாய், தொண்டை. உப்பு. ஒரே ஒரு மூச்சு. அந்த ஒரு மூச்சு கிடைக்காமல் நெஞ்சு துடித்த துடிப்பில் அவனுக்கு நாளை உச்சிவேளை தெரிந்தது. நாளை மறுநாள் தெரிந்தது. நாலு வருடம் தெரிந்தது.

அலை வடிந்தது.

"நித்யா!" அந்தக் குரலின் உற்சாகம் அவனுக்கே அருவருப்பாக இருந்தது. "இங்கதாம்மா இருக்கேன். வலை இழுக்குறோம். வா, ஓரமா நின்னு கயித்தப் புடி. வயித்துக்கு ஒண்ணும் ஆவாது."

"லூசாங்க நீங்க? எவ்ளோ நேரமா போன் பண்றேன்!" திட்டிக்கொண்டே சிரித்தாள். குடையை மணலில் சாய்த்தாள். சுடிதாரை முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு, அவனுக்குப் பின்னால் ஆழமில்லாத நீரில் கிடந்த கயிற்றை, குனியச் சிரமப்பட்டு எடுத்தாள்.

அவன் விரல்கள் திறந்தன.

அத்தனை சுலபமாக. இரண்டு கையையும் உதறிக்கொண்டு திரும்பினான். முதுகுக்குப் பின்னால் தண்ணீர் கலங்குகிற சத்தம். ராஜாமணி. அவன் கைகளும் திறந்திருந்தன. ஒருத்தி வந்து பிடித்ததற்கு இரண்டு பேர் கழன்றிருந்தார்கள். ராஜாமணி நித்யாவின் வயிற்றைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். பிறகு தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு, அவர்களைத் தாண்டி, கரையேறி ஓடினான்.

ஜெபஸ்டினுக்குப் புரிந்தது.

"என்னங்க, எல்லாரும் விட்டுட்டுப் போறாங்க? எவ்ளோ கனம்! இழுக்க இழுக்க உள்ள போவுது பாருங்க."

அவள் தோளை நோக்கிக் கையை நீட்டினான். கயிறு வெடுக்கென்று ஒருமுறை குதித்தது. அவன் மணிக்கட்டுக்கு ஒரு சாண் தூரத்தில்.

கையை இழுத்துக்கொண்டான்.

ஓர் அடி பின்னால் வைத்தான். இன்னோர் அடி. ஈரமணல். பிறகு சுடுமணல், அந்தச் சூடு எவ்வளவு சுகமாக இருந்தது என்பதைப் பாவி அவன் உணரவும் செய்தான். நித்யாவின் தொடையை நீர் தொட்டிருந்தது. அவள் கடலைப் பார்த்தபடி நின்றாள்.

திடீரென்று அவள் உடம்பு சிலிர்த்தது.

"என்னங்க!" சந்தோஷத்தில் கூவினாள். "உதைக்குதுங்க! மொத மொதல்ல உதைக்குது! சீக்கிரம் வந்து கைய வச்சுப் பாருங்க!"

ஜெபஸ்டின் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டான்.