நடைச்சுவரில் ஒரு திருகு

விளக்கு ஒரு படி மங்கியதை முதலில் கண்டுகொண்டது பிள்ளைதான். அதுவரை வீடே இடிந்து விழும்படி கத்திக்கொண்டிருந்தவன், சட்டென்று நிறுத்திவிட்டுக் கதவைப் பார்த்தான். உம்மு ஹபீபாவும் பார்த்தாள். கதவு சாத்தித்தான் இருந்தது. தாழ்ப்பாளை அவளே போட்டிருந்தாள்.

கரண்டு குறைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கீழக்கரையில் அவர்கள் தெருவுக்குக் கரண்டு வந்தே ஒரு வருஷம்தான் ஆகிறது. புதுமாப்பிள்ளை மாதிரி அது நினைத்தால் வரும், முறைத்துக்கொண்டால் போகும், யாரும் ஏன் என்று கேட்க முடியாது.

ஏழு மாதப் பிள்ளை சதக்குக்குப் பல்பு வெளிச்சம் ஆகாது, கண் கூசி அழுவான். அவளுக்கு இருட்டு ஆகாது. அரிக்கேன் விளக்கின் திரியைத் தணித்து வைத்தாலோ புகையில் பிள்ளைக்கு இளைப்பு வந்துவிடும். கொழும்பில் கடை வைத்திருக்கும் புருஷன் சலாஹுதீனுக்கு இதையெல்லாம் எழுதி, ஒரு தடவை வந்துவிட்டுப் போகக்கூடாதா என்றும் எழுதினாள். அவர் வரவில்லை. தனுஷ்கோடிக் கப்பலில் வந்த ஒருவரிடம் டிம்மர் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். கறுப்புப் பெட்டி, நடுவில் ஒரு திருகு, திருப்பத் திருப்ப வெளிச்சம் படிப்படியாகக் குறையும். ஆளைக் கேட்டால் சாமான் வருகிறதே என்று ஒரு பாட்டம் அழுதுவிட்டுத்தான் அவள் அதைப் பிரித்தாள்.

மாட்ட வந்தவர் பாம்பன் வேதமுத்து. வயர்மேன். அவர் நல்லபடியாகத்தான் சொன்னார்.

"கட்டிலுக்குப் பக்கத்துல மாட்டிட்டா படுத்தமேனிக்கே திருப்பிக்கிறலாம்மா. உள்ள வரட்டா?"

வீட்டு வேலைக்கு இருக்கும் சபியா விட்டால்தானே! "மொதலாளி இல்லாத வீட்டுல, பொம்பள படுக்குற அறைக்குள்ள அந்நிய ஆம்பள வாரதா? அதெல்லாம் ஏலாது. அங்கன நடையிலயே மாட்டிட்டுப் போங்க."

கதவுக்குப் பின்னால் நின்ற உம்மு ஹபீபாவுக்கு வேதமுத்து சொன்னதே சரி என்று பட்டது. ஆனாலும் அந்நிய ஆண் காதில் தன் குரல் விழ வேண்டாமென்று சும்மா இருந்துவிட்டாள். அவர் அறைக்கு வெளியே, கதவு நிலையை ஒட்டி நடைச்சுவரில் பெட்டியை முடுக்கினார். "திருப்பயில டக்குடக்குனு சத்தம் வரும், பயந்துராதிய" என்று உள்ளே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

அது நேற்று. இன்று மத்தியானம் சபியா தன் மகளின் பேறுகாலத்துக்கென்று பரமக்குடிக்குப் பஸ் ஏறிவிட்டாள். வாப்பா சீதனமாகக் கட்டிக்கொடுத்த அத்தனை பெரிய வீட்டில் உம்மு ஹபீபாவும் பிள்ளையும் மட்டும். இரவுத் தொழுகைக்கான இஷா பாங்கு கேட்டதும் வாசலைப் பூட்டி, கொல்லையைப் பூட்டி, பூட்டுகளை இழுத்துப் பார்த்துவிட்டு அறைக்குள் வந்தாள். தனிமை அவளுக்குப் பழகிப்போனதுதான். பழகாதது ஒன்று உண்டு: பிள்ளை அவளிடம் ஒட்டவில்லை. எடுத்தாலும் அழுகை, விட்டாலும் அழுகை. பெற்ற பிள்ளைக்கே தன்னைப் பிடிக்கவில்லையோ என்று நினைத்துக்கொள்வாள். இவனையும் விட்டால் இந்த வீட்டில் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

பிள்ளை மறுபடி சிணுங்கினான்.

டக்.

வெளிச்சம் இன்னொரு படி இறங்கியது. கரண்டு குறைவதற்குச் சத்தம் கிடையாது. காற்றில் ஓடு சலசலப்பது, தூரத்தில் கடல் இரைவது, இரண்டுக்கும் அடியில் வேறொன்று: கதவுக்கு அந்தப் பக்கம் தரையில் பாதம் தேயும் சத்தம், ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி, பிள்ளையைத் தோளில் போட்டு ஆட்டுகிறவர்கள் நிற்கும் நிதானத்தில். கதவிடுக்கு வழியே பெட்டி சூடேறும் புது வார்னிஷ் வாசனை வந்தது.

"யாரு? சபியாக்காவா? பஸ்சு கெடைக்கலையா?"

பாதம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தேயத் தொடங்கியது. சாவிக்கொத்து உம்மு ஹபீபாவின் இடுப்பில்தான் இருந்தது.

பயம் போக ஆயத்துல் குர்ஸி ஓதினாள். சின்ன வயதிலிருந்து ஓதுவது, பாதியில் மறந்துபோயிற்று. பிள்ளையோ அழவே இல்லை. கதவைப் பார்த்தபடி அமைதியாகக் கிடந்தான். அவன் அழும்போதெல்லாம் வெளிச்சம் குறைகிறது, குறைந்ததும் அடங்கிவிடுகிறான். பெற்றவளுக்குப் பிடிபடாதது வெளியே நிற்பதற்குத் தெரிந்திருந்தது. அந்தப் பயத்திலும் அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

கட்டிலில் உட்கார்ந்து அவனை மடிக்கு இழுத்து மார்போடு இறுக்கிக்கொண்டாள். இறுக்கியதில் அவன் வீறிட்டான்.

டக்.

மடியில் கனம் குறைந்தது. தொடை மரத்துவிட்டது என்று நினைத்தாள். காலை மாற்றி வைத்துப் பார்த்தாள். தொடை மரத்திருக்கவில்லை.

"அழாத ராசா. உம்மா இருக்கேன்ல. அழாத."

திருகைத் திருப்பி வெளிச்சத்தைக் கூட்டலாம். அதற்குக் கதவைத் திறக்க வேண்டும். எழுந்து போய்த் தாழ்ப்பாள்வரை நீட்டிய கை திரும்பி வந்து பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டது. அவன் மூச்சுத் திணறி அழுதான்.

டக்.

பிள்ளை இப்போது துவைத்து உலர்ந்த துணி அளவுக்குத்தான் கனம்.

இப்போது பிடியை விட்டால் அழமாட்டான். தெரிந்தது. விட முடியவில்லை. வாயைப் பொத்தினாள். உள்ளங்கைக்குள் சின்ன உதடுகள் துடித்தன. விரலிடுக்கில் அழுகை கசிந்தது.

டக்.

பல்புக்குள் சிவப்பாக ஒரு இழை. அவ்வளவுதான். அந்தச் சிவப்பில் பிள்ளை இரண்டு கைகளையும் தூக்கினான். கதவைப் பார்த்து. தூக்கிக்கொள் என்று.

"வேணாம். என் புள்ள. என் புள்ள."

டக்.

இருட்டு.

பாதச் சத்தம் இல்லை. காற்று இல்லை. அவள் மூச்சு மட்டும்.

பிறகு டக், டக், டக் என்று வெளிச்சம் ஏறி, அறை முழுக்கப் பளீரென்றது. தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. அவள் கைகள் இறுக்கியபடி இருந்தன. கைகளுக்குள் சதக்கின் சட்டை மட்டும், முதுகில் போட்ட முடிச்சு அவிழாமல், கதகதப்பாக இருந்தது.

கதவுக்கு வெளியே பிள்ளை கலகலவென்று சிரித்தான். அந்தச் சிரிப்பு, தேயும் பாதச் சத்தத்தோடு சேர்ந்து, நடை வழியே தூரமாகப் போயிற்று.