மிளகின் செயலியில் முப்பத்திரண்டாவது பெயர்

ஆறாம் வகுப்பில் எல்லோரும் அவளை மிளகு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் குட்டி, பேச்சில் காரம். அந்த மிளகு இரண்டு மாதமாக ஒரு செயலி செய்துகொண்டிருந்தாள்.

பள்ளிக்கு வராத அன்று வீட்டுப்பாடம் என்னவென்று யாரைக் கேட்பது? அவள் வகுப்பில் இது பெரிய தலைவலி. தோழியின் போன் எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போவார்கள். கை கழுவினால் எண்ணும் போய்விடும். மிளகின் செயலியில் ஒவ்வொருவரும் தன் பெயரையும் எண்ணையும் ஒருமுறை போட்டால் போதும். பெயரைத் தொட்டதும் அழைப்பு போகும். வகுப்பில் இருப்பவர்களைத் தவிர வேறு யாரும் திறக்க முடியாதபடி பூட்டும் வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை அதைப் பார்க்க வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்துவிட்டால் பள்ளி முழுவதற்கும் அதுதான்.

வியாழன் மதியம் கணினி அறையில் வகுப்பே வரிசையில் நின்றது. முப்பத்தொரு பேர் மளமளவென்று முடித்துவிட்டார்கள். கடைசியாக வந்தவளுக்குப் பட்டப்பெயர் பூனை. நடந்து வந்தால் சத்தமே கேட்காது. அவள் பெயரை மட்டும் எழுதிவிட்டு, 'சேமி' என்பதை அழுத்தினாள். திரையில் சிவப்பு எழுத்து வந்தது: 'எண் இல்லாமல் சேர முடியாது.' இன்னொரு முறை அழுத்தினாள். மறுபடியும் அதே சிவப்பு.

பூனை வீட்டில் இருப்பது ஒரே ஒரு போன். பேருந்து ஓட்டும் அம்மா அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஓட்டும்போது யார் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டார்.

"பரவாயில்ல, என்னை விட்டுடு," என்று பூனை எழுந்துகொண்டாள்.

மிளகின் முகம் சுண்டிப்போனது. அந்தச் சிவப்பு வரியை எழுதியவளே அவள்தான். யாரும் எண்ணை மறந்துவிடக் கூடாதே என்று யோசித்து யோசித்து எழுதியது. பக்கத்தில் நின்ற ஒருவன் பத்துப் பூஜ்யம் போட்டுவிடச் சொன்னான். பூஜ்யத்தைக் கூப்பிட்டால் பூனை வருவாளா என்று மிளகு திருப்பிக் கேட்டாள்.

பிறகு அவள் பூனையிடம், "உன்கிட்ட ஏதாவது சொல்லணும்னா நாங்க என்ன பண்ணணும்?" என்று கேட்டாள்.

பூனை கொஞ்சம் யோசித்தாள். "தையல் கடைக்கு மேல மாடி எங்க வீடு. தெருவுல நின்னு கூப்பிட்டா ஜன்னலைத் திறப்பேன். எனக்குக் காது நல்லாக் கேக்கும்."

அவ்வளவுதான், மிளகு கணினிமுன் உட்கார்ந்துவிட்டாள். நாளைக்குக் காட்ட வேண்டியதில் இன்றைக்குக் கை வைத்தால் மொத்தமும் படுத்துவிடும் என்று கணினி ஆசிரியர் எச்சரித்தார். அவர் சொன்னபடியே படுத்தது, இரண்டு முறை. முதல் முறை பெயர்கள் எல்லாம் காணாமல் போயின. அடுத்த முறை எல்லோர் பெயரும் பூனை என்றே வந்தது. பூனைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் மிளகோடு சேர்ந்து வரி வரியாகத் தேடி, விட்டுப்போன ஒரு புள்ளியைக் கண்டுபிடித்ததும் அவள்தான். அறையைப் பூட்டக் காவலாளி வந்து நின்றபோது, சிவப்பு எழுத்து இருந்த இடத்தில் புதுப் பெட்டி ஒன்று இருந்தது: 'உன்னை எப்படிக் கண்டுபிடிப்பது?'

மறுநாள் காலை அந்தப் பெட்டியைப் பார்த்ததும் மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. சாயங்காலம் தூங்கிவிடுவேன், அக்காவைக் கூப்பிடவும் என்று ஒருவன் எழுதினான். எங்கள் நாய் குரைக்கும், கடிக்காது, தைரியமாகக் கதவைத் தட்டவும் என்று ஒருத்தி எழுதினாள்.

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். நாய் வந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். கடைசிப் பெயருக்கு எதிரே, தெருவில் நின்று கூப்பிடவும், ஜன்னலைத் திறப்பேன் என்று இருந்ததை இரண்டு முறை படித்தார்.

"இதை யார் செஞ்சது?"

"நான்தான் டீச்சர்," என்று மிளகு நிமிர்ந்து நின்றாள். "தப்பைக் கண்டுபிடிச்சது பூனை."

வகுப்பே கைதட்டியது. பூனைக்கு முகம் காதுவரை சிவந்துவிட்டது. ஆனாலும் அவள் தலையைக் குனியவில்லை.

மற்ற வகுப்புகளுக்கும் அதைச் செய்துகொடுக்கச் சொல்லிவிட்டுத் தலைமையாசிரியை போனார். அன்று மாலையே மிளகு கணினிமுன் இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டு, ஒன்றில் உட்கார்ந்து மற்றதைத் தட்டிக் காட்டினாள்.

"சீக்கிரம் வா பூனை. இன்னும் நானூறு பேர் இருக்காங்க."