துண்டுக்குள் ஒரு கை

செல்லபாயின் நல்ல பெயருக்கு விலை முப்பது ரூபாய். திங்கள்சந்தையில் அதற்கு மேல் ஒரு சல்லி போகவில்லை.

போன மாதம் அவள் கன்றுக்குட்டி தொண்ணூறுக்கு விற்றது. கைக்கு வந்தது அறுபது. சந்தையில் மாட்டு விலையை வாயால் சொல்வதில்லை. கைகளை ஒரு துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடித்தே பேரம். உள்ளே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. கல்யாணமாகாத பெண், அந்நிய ஆணோடு துண்டுக்குள் கையை விட்டால் அவள் ஊர் இரணியல் என்ன பேசும்? அதனால் சித்தப்பா ரத்தினம் கையை விட்டார். முப்பது ரூபாய் அவர் மடிக்குள் போனது, கன்றை வாங்கியவன் மனைவி சொல்லித்தான் தெரிந்தது. செல்லபாய் கேட்கவில்லை. சண்டை போட்டால் அதையும் பேசுவார்களே...

இன்று தாய்ப்பசு. கடைசி மாடு. இந்தக் காசில்தான் அம்மை ராகேலின் கண்ணுக்கு ஆபரேஷன்.

மழை பிடித்துக்கொண்டது. பசுவோடு ஓலைச் சாய்ப்புக்குள் ஓடியவள், அங்கே நின்றவன் காலை மிதித்துவிட்டாள்.

"பசு மிதிச்சா பொறுக்கலாம். பசுக்க ஆளுமா மிதிக்கணும்?"

நிமிர்ந்தாள். இமையில் மழைத்துளி... அதற்கப்பால் இரண்டு கண்கள். சிரிக்கத் தெரிந்தும் சிரிப்பைச் சில்லறையாக இறைக்காத கண்கள். ஆரல்வாய்மொழி மாட்டு வியாபாரி ராஜையன்.

"கறவ எப்பிடி?"

"ரெண்டு நேரமும் சேத்து எட்டு நாழி."

"தண்ணி சேத்தா?"

"அது வாங்குகவங்க பாடு."

சொன்ன பிறகுதான் தான் சிரிப்பது தெரிந்தது. எதிரே கருப்பட்டிக் கடையில் ஜெயபாய்... ஒரே வேதக்கோயில்காரி, ஞாயிறு பாட்டுக் குழுவிலும் கூட நிற்பவள். சிரிப்பு அணைந்தது.

"வெல எனக்க சித்தப்பாட்ட பேசணும்."

"பசு ஒங்களுக்கா, சித்தப்பாவுக்கா?"

ரத்தினம் வந்து துண்டுக்குள் கையை விட்டார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, ராஜையன் கையை உருவிக்கொண்டான்.

"என்ன மக்கா, வெல பிடிக்கல்லியா?"

"வெல பிடிச்சு. கை பிடிக்கல்ல. உடையவங்க கை வரட்டு."

"ஏலே, கொமரு பிள்ளையா கை விடுகது? ஊரு காறித் துப்பாதா?"

ராஜையன் அவளை மட்டும் பார்த்தான். உள்ளே கேட்டதை அவன் சொல்ல மாட்டான். கண் சொல்லிவிட்டது. மறுபடியும் அவளுக்கொரு விலை, சித்தப்பாவுக்கொரு விலை...

பேசப் போகிற ஊர், ஒரு நாளாவது அம்மையைக் கைபிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனதுண்டா?

ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். துண்டுக்குள் விட்டாள்.

சந்தை வாயடைத்தது. ஜெயபாய்க்கு மட்டும் அடைக்கவில்லை. "ஏட்டி, ஞாயித்துக்கெழம எந்த மொகத்தோட பாட்டு படிப்பே?"

செல்லபாய் கையை எடுக்காமலே திரும்பினாள். "இதே மொகந்தான் அக்கா. எனக்கு வேற இல்ல."

துண்டுக்குள் காய்த்துப்போன ஒரு கை, பூவைத் தொடுவதுபோல் விரல்களை எண்ணியது. போதாதென்று அவள் ஒன்றை மடக்கினாள். அவன் ஒன்றைக் கூட்டினான். நூற்று அறுபது. ரத்தினம் எப்போது நழுவினார் என்று யாரும் பார்க்கவில்லை.

அவன் பிடி தளர்ந்தது. அவள் கை வெளியே வரவில்லை...

"வெல முடிஞ்சு," என்றான் மெல்ல.

"தெரியும்."

"ஊரு பாக்குகு."

"பாக்கட்டு."

பேரத்தில் விரல் தடுமாறாத ராஜையனுக்கு அன்று வாய் தடுமாறியது. "பசு வாங்கத்தான் வந்தேன்... இப்ப அதோட மட்டும் திரும்பிப் போக மனசில்ல. அம்மைட்ட வந்து கேக்கட்டா?"

மழை ஓலையில் ஓங்கி விழுந்தது. அவள் குரல் அதைவிடச் சின்னது, ஆனாலும் அவனுக்குக் கேட்டது.

"அம்மைக்குக் கண்ணு தெளியட்டு. அவ ஒங்கள பாக்கணும். எனக்கு... வெலையும் பிடிச்சு, கையும் பிடிச்சு."

அன்றைய கணக்கு: வரவு, நூற்று அறுபது ரூபாய். செலவு, ஊர் கொடுத்து வைத்திருந்த ஒரு நல்ல பெயர். பாக்கி, ஆரல்வாய்மொழியிலிருந்து இரணியலுக்கு ராஜையன் வர வேண்டிய ஒரு நடை.