அடிவரி இல்லாத செய்தாள்

கரண்டி கீழே விழுந்தது. மண்டபத்துச் சமையலறையில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரசம் கொதிக்கும்போது ஒரு தடவை கரண்டி கீழே விழத்தான் வேண்டும். விருதுநகரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஏன் என்று கேட்டால், "திருஷ்டி கழியும்ல?" என்பார்கள். சமையல்காரர் குனிந்து எடுத்தார், கழுவினார், மறுபடி கலக்கினார். சரியாகச் சொன்னால் கலக்கியது அவரல்ல, அவர் மாட்டியிருந்த செய்கையுறை.

செய்கையுறை வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. முழங்கை வரைக்கும் மாட்டிக்கொண்டு, மணிக்கட்டில் இருக்கும் கண்ணுக்கு எதிரே செய்முறை எழுதிய ஒரு செய்தாளைக் காட்டினால் போதும். தாளில் அச்சிட்டிருப்பதைக் கண் படித்துவிடும். உறைக்குள் ஓடும் நார்கள் சுருங்கி விரிந்து விரல்களை இழுத்துக்கொண்டு போகும். பூக்கட்டத் தெரியாதவள் பூக்கட்டுவாள். வேட்டி கட்டத் தெரியாதவன் பஞ்சகச்சமே கட்டுவான். ஆரம்பித்த வேலை முடிகிற வரைக்கும் உறை பூட்டிக்கொள்ளும். எண்ணெய்ச் சட்டியைத் தூக்கிய கை பாதியில் மனம் மாறினால் என்ன ஆவது? ரொம்பப் பலமாக உதறினால் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.

சரி, தாளை எழுதுவது யார்? வம்பே அங்கேதான். முதலில் ஆட்கள்தான் எழுதினார்கள். வேலை தெரிந்த ஆட்கள் குறையக் குறைய, பொதுநினைவு என்ற பெரிய கணிப்பொறி அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டது. எல்லா உறைகளும் தாங்கள் செய்ததை அதற்குச் சொல்லிவிடும். வேலை நல்லபடியாக முடிந்திருந்தால், நடந்ததெல்லாம் செய்முறையாகி, அமாவாசைக்கு அமாவாசை புதுப் பதிப்பாக வெளிவரும். என்றைக்கோ ஒரு மகராசி கை தவறிக் கரண்டியைப் போட்டிருக்கிறாள். ரசம் நன்றாக இருந்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

அன்றைக்குக் கல்யாணம் சேந்தனுக்கும் இசைவாணிக்கும். மாப்பிள்ளை அறையில் சேந்தனின் தங்கை தாரகை காலையிலிருந்து நூறு தடவை தன் செய்தாளை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் முதல் முடிச்சுப் போட்டுக் கையை எடுத்ததும், மற்ற இரண்டு முடிச்சையும் நாத்தனார் போட வேண்டும். "அண்ணன் கல்யாணத்துல ரெண்டு முடிச்சு உன்னுதுடீ" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். அம்மா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆயிற்று. அந்த வீட்டில் தனக்கென்று அம்மா விட்டுப்போனது அந்த இரண்டு முடிச்சுதான் என்று தாரகை நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, உன் தாளைப் படிச்சுப் பாத்தியா?"

"புதுத் தாளு புள்ள. அதுல படிக்க என்ன கெடக்கு? கை பாத்துக்கிடும்."

படித்திருந்தால் தெரிந்திருக்கும். அவன் தாளில் அடிவரி இல்லை. எந்த அச்சகத்தில் எந்தக் கத்தி ஒதுங்கி வெட்டியதோ, "முதல் முடிச்சு போட்டதும் கையை எடுக்கவும்" என்ற வரி வெட்டுப்பட்டுப் போயிருந்தது.

முகூர்த்தம் வந்தது. கெட்டிமேளம் கொட்டியது. முந்நூறு உறைகள் ஒன்றாக எழுந்து அட்சதை போட்டன. சேந்தன் கைகள் மஞ்சள் கயிற்றை இசைவாணி கழுத்தில் கட்டி, முதல் முடிச்சை அழகாகப் போட்டன. எடுக்கச் சொல்ல வரி இல்லாததால், போட்ட கை விலகவில்லை. இரண்டாவது முடிச்சுக்குப் போனது.

தாரகையின் உறைகளுக்கு அது எப்படித் தெரியும்? அவற்றின் தாளில் ஒரு குறையும் இல்லை. முதல் முடிச்சு விழுந்ததும் நேராகப் போய்க் கயிற்றின் இரு நுனியையும் பிடித்தன. சேந்தன் விரல்களோ விடவில்லை. இசைவாணியின் பிடரிக்குப் பின்னால் நான்கு கைகள் கயிறிழுக்கும் போட்டி நடத்தின.

"யம்மா, கழுத்து!" என்றாள் இசைவாணி.

"அண்ணே, விடுண்ணே!"

"நான் எங்க புள்ள பிடிச்சிருக்கேன்? அதுவா பிடிச்சிருக்கு!"

நாத்தனார் மூன்றாவது முடிச்சைப் போடுகிற வரைக்கும் மேளம் நிற்கக் கூடாது என்பது மேளக்காரர் தாள். அது பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. அட்சதை தீர்ந்துபோன கைகள் வெறுங்காற்றை வாரி வாரி வீசின. தாரகையின் பிடி நழுவியது. சேந்தன் கைகள் இரண்டாவதையும் மூன்றாவதையும் தாங்களே போட்டு முடித்தன. தாரகையின் உறைகள் மட்டும் இல்லாத கயிற்றை இன்னும் தேடிக்கொண்டிருந்தன.

பெண்ணின் அப்பா சிதம்பரநாதனுக்குப் பதற்றத்தில் கை கால் ஓடவில்லை. பொதுநினைவின் உதவிக்குரலைக் கூப்பிட்டுவிட்டார். செய்ய வேண்டாத வேலை! கூரையிலிருந்து குரல் இனிமையாகப் பேசியது: "பிழைக்கு வருந்துகிறோம். திருத்தம் அனுப்பப்பட்டது. முடிச்சுகளை அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்கவும்."

திருத்தம் நேராக உறைக்குள் போய்விட்டது. சேந்தனின் விரல்கள் மூன்றாவது முடிச்சை அவிழ்க்கத் தொடங்கின.

"அய்யய்யோ! கட்டுன தாலியை அவுக்கிறானே!" என்று பெண்ணின் அம்மா போட்ட அலறலில் மேளச் சத்தமே அமுங்கிப்போனது.

இரண்டாவது முடிச்சும் அவிழ்ந்தது. இசைவாணி பட்டுநூல் பூப்போட்ட தன் உறையால் தாலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை வெடவெடவென்று நடுங்கியது. சேந்தன் விரல்கள் முதல் முடிச்சுக்கு வந்தன.

தாரகைக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, உறையோடு உதறி அண்ணன் கையில் பளாரென்று ஒன்று வைத்தாள்; அந்த அடியில் அவன் பிடி விட்டது. "கைய எடுண்ணே! எனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான்!" புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். இரண்டு உறையையும் நுனியைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றித் தூக்கி எறிந்தாள். பிறந்ததிலிருந்து வெயில் பார்க்காத வெளுத்த கைகள். அந்தக் கைகளால் கயிற்றைப் பிடித்து எப்படி எப்படியோ சுற்றி, எதற்குள்ளோ நுழைத்து இழுத்தாள். கொழுக்கட்டை மாதிரி ஒரு முடிச்சு விழுந்தது. அதன் மேலேயே இன்னொன்று. இசைவாணியின் முடியும் கொஞ்சம் அதில் மாட்டிக்கொண்டது.

"வலிக்குதா மதினி?"

"வலிச்சா வலிக்கட்டும். நல்லா இறுக்கு, தாரகை!"

மேளம் நின்றது. கல்யாணம் முடிந்தது. ஆளாளுக்குத் தண்ணீர் குடித்தார்கள், அழுதார்கள், சிரித்தார்கள். எல்லா உறைகளும் நடந்ததைப் பொதுநினைவுக்குச் சொல்லிவிட்டன. அதற்கு ஒரே ஒரு கேள்விதான்: வேலை நல்லபடியாக முடிந்ததா? முடிந்தது.

அண்ணன் கல்யாணம் முடிந்த கையோடு தாரகைக்கும் வரன் அமைந்தது. அமாவாசை கழிந்து வந்த முதல் முகூர்த்தத்தில் அதே மண்டபம், அதே கெட்டிமேளம், ஆனால் புதுப் பதிப்புச் செய்தாள். மாப்பிள்ளை அருள்மணி. அவன் தங்கை மேகலா நாத்தனாராக அவள் பின்னால் நின்றாள்.

அருள்மணி முதல் முடிச்சைப் போட்டான். கையை எடுக்கவில்லை. மேகலாவின் கைகள் வந்து கயிற்றைப் பிடித்தன. நான்கு கைகளும் அப்படியும் இப்படியும் இழுத்துக்கொண்டன. தாரகைக்குக் கழுத்தில் சுருக்கென்றது.

"என்ன பண்ணுறீங்க? விடுங்க!"

"பதறாதம்மா," என்றார் முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர். "நாத்தனார் இழுப்புன்னு இதுக்குப் பேரு. ஆதிகாலத்துல இருந்து இருக்கு."

"ஆதிகாலமா? போன மாசம் நாங்க இழுத்துக்கிட்டதுங்க இது!"

யார் கேட்டார்கள்? மூன்று முடிச்சும் விழுந்தது. அருள்மணியின் விரல்கள் பின்னாலேயே அவற்றை அவிழ்க்க ஆரம்பித்தன. இந்தத் தடவை ஒருவரும் அலறவில்லை. தாளில் இருக்கிறதே! அலற நினைத்தது தாரகை மட்டும்தான். அதற்குள் அவள் மாட்டியிருந்த பூப்போட்ட உறை தானாக எழுந்து தாலியைப் பிடித்துக்கொண்டு வெடவெடவென்று நடுங்கியது. அது அன்றைக்கு மதினி நடுங்கிய நடுக்கம். இவளும் இப்போது உள்ளூர நடுங்கத்தான் செய்தாள். எது யாருடையது என்று அவளுக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மேகலாவின் உறை அருள்மணி கையில் பளாரென்று அடித்தது. ஈரமே இல்லாத கண்ணைப் புறங்கையால் துடைத்தது. பிறகு வாய்க்கு அருகே போய் நின்றது. வாய்க்கு முன்னால் வந்துவிட்டதே என்று மேகலா நுனியைக் கடித்து இழுத்தாள். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு உறையும் கழன்றன. மண்டபமே கைதட்டியது.

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

மேகலா வெளுத்த கைகளோடு நின்றாள். கீழே கிடந்த தாளை எடுத்துப் படித்தாள். அவள் குடும்பத்தில் ஒருவர் செய்தாளைப் படித்தது அநேகமாக அதுதான் முதல் தடவை.

"மதினி, இங்க அச்சுல என்னமோ விட்டுப்போச்சு. வெறுந்தாளா இருக்கு."

"விட்டுப்போகல மேகலா. அந்த எடத்துல நான் உறையைக் கழட்டிட்டேன். வெறுங்கையாலதான் கட்டுனேன்."

"வெறுங்கையாலயா? எப்படிக் கட்டுனீங்க?"

"எப்படின்னா... சும்மா கட்டுனேன்."

மேகலா பேந்தப் பேந்த விழித்தாள். இப்போது அவள் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. "சும்மாவுக்கு எந்தத் தாள் மதினி?"

சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று தாரகை வாயைத் திறந்தாள். எதை எதற்குள் நுழைத்தோம்? வலமா, இடமா? கோபம் ஞாபகம் இருந்தது, அழுகை ஞாபகம் இருந்தது, மாட்டிக்கொண்ட முடிகூட ஞாபகம் இருந்தது. முடிச்சு மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. அன்றைக்குப் பிறகு அவளும் வெறுங்கையால் எதையும் கட்டியதில்லை. அவிழ்ந்த கயிற்றின் இரண்டு நுனியும் அவள் பிடரியில் தொங்கிக்கொண்டிருந்தன. முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது.

கெட்டிமேளம் மட்டும் நிற்காமல் கொட்டியது. அதன் தாளில் ஒரு பிழையும் இல்லை.